கோடை மழையில் இசைவிழா: நண்பர்களோடு கூடாரம் போடப் போகிறவர்களுக்கு

திறந்தவெளியில் நடக்கும் பெரிய கோடை இசைவிழாக்கள் பலவற்றுக்கு இடம் கொடுப்பது மேய்ச்சல் நிலம்தான். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தலில் உட்ஸ்டாக் விழா நடந்தது ஒரு பால்பண்ணையில். இங்கிலாந்தின் சாமர்செட்டில் 1970இல் தொடங்கிய கிளாஸ்டன்பரி விழாவும் பால்பண்ணையில் நடப்பதே. மாடுகள் நடந்து பழகிய புல்தரை, மழை பெய்யும்போது பல்லாயிரம் பேரின் காலடியைத் தாங்காது. அரை நாளில் புல் மறைந்து சேறு மேலே வந்துவிடும். ஜப்பானின் ஃபூஜி ராக் 1997இல் முதன்முறையாக நடந்தபோது, புயல் மழையால் இரண்டாம் நாள் நிகழ்ச்சியே ரத்தானது. 2023இல் ஜெர்மனியின் வாக்கன் விழாத் திடல் சேறாகிப்போனதால், டிக்கெட் வாங்கியிருந்த பல்லாயிரம் பேருக்கு உள்ளே நுழைய வழியில்லாமல் போனது.

ஆகவே மழை வரும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். வராவிட்டால் லாபம்.

எத்தனையோ மழை விழாக்களுக்குப் போய்வந்த பிறகு எனக்குள் நிலைத்துவிட்ட விதி ஒன்றுதான்: பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் நனையலாம், படுக்கை மட்டும் நனையக் கூடாது. தொப்பலாக நனைந்து, முழங்கால்வரை சேறோடு, தோழர்களின் தோளில் கைபோட்டுப் பாட்டுக் கேட்கிறவர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார். ஸ்லீப்பிங் பேக் நனைந்தவர் இரண்டாம் நாள் காலையிலேயே வீட்டுக்குப் போகும் பஸ் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான வேலைகள் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே.

கூடாரம் வாங்கும்போது

உறையில் ‘4 பேருக்கு’ என்று போட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று பொருள். பைகளுக்கும் ஈர உடைகளுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. மழைக்காலத்தில் அதை இரண்டு பேர் கூடாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். நெருக்கிக்கொண்டால் மூன்று பேர். ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரே பெரிய கூடாரம் வாங்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் இரண்டு மூன்று சிறிய கூடாரங்களே நல்லது என்பேன். ஒன்று ஒழுகினால் மற்றொன்றில் ஒதுங்கலாம். உயரம் குறைவாக இருப்பதால் காற்றுக்கும் எளிதில் சாயாது.

துணி எவ்வளவு நீர் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். அந்தத் துணியின்மேல் நீரை நிற்கவைத்தால் எந்த உயரம்வரை கசியாமல் இருக்கும் என்பதே அந்த எண். மேல்துணிக்கு 1,500 மி.மீ. குறைந்தபட்சம், 3,000 இருந்தால் கவலையில்லை. தரைத்துணி நம் முழங்கால், முழங்கை எல்லாம் அழுத்தும் இடம் என்பதால் அதற்கு 5,000 இருப்பது நல்லது. மேல்துணி, உள்துணி என இரண்டு அடுக்குகள் கட்டாயம் வேண்டும். இரவில் நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த மேல்துணியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படியும். உள்துணி அதைத் தொடாமல் தள்ளி நின்றால், அந்தத் துளிகள் ஓரமாக வழிந்து வெளியே போய்விடும். பை சாய்ந்தோ கால் நீண்டோ இரண்டும் ஒட்டிக்கொண்டால் ஈரம் உள்ளே வரும். புதிதாக வருகிறவர்களில் பலர் இதைப் பார்த்துவிட்டுக் கூடாரம் ஒழுகுகிறது என்று பதறுகிறார்கள். மழை பெய்தாலும் காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள். மூடினால் ஈரம் இன்னும் கூடும்.

வாங்கியதும் ஒருமுறை வீட்டருகே விரித்துக் கட்டிப் பாருங்கள். அதன்மேல் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்த் தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படும் தையலில் அதற்கென விற்கும் பசையைப் பூசிக் காயவிடுங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அகலமான, நீளமான முளைகள் ஒரு டஜன் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழை விழாவுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை.

உலர்ந்த மூட்டை

தடிமனான பெரிய குப்பைப் பை ஒன்றை எடுத்து முதுகுப்பையின் உள்ளே விரித்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்லீப்பிங் பேக், ஒரு செட் முழு உடை, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, காதை மூடும் தொப்பி ஆகியவற்றை வைத்து, பையின் வாயை முறுக்கி மடக்கிக் கட்டுங்கள். கூடாரத்துக்குள் வரும்வரை இதை அவிழ்க்கக் கூடாது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குக்கூடப் போகக் கூடாது. காலையில் எழுந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்றைய ஈர உடையையே மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நிமிடம் உடம்பு கூசும். ‘இன்று ஒருநாள் மட்டும் உலர்ந்ததைப் போட்டுக்கொள்கிறேன்’ என்று மனம் கெஞ்சும். அதற்கு இடம் கொடுத்தால் அன்று இரவு உடுத்த ஒன்றும் மிஞ்சாது.

பறவைத் தூவி அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சப்பிப்போய்ச் சூட்டை இழந்துவிடும். செயற்கை இழை அடைத்தது ஈரத்திலும் ஓரளவு கதகதப்பைத் தரும். கம்பளித் துணியும் அப்படியே. பருத்தி நேர்மாறு. நனைந்த ஜீன்ஸ் காயாது, கனக்கும், உடல் சூட்டையும் உறிஞ்சும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உடலுக்கும் தரைக்கும் நடுவில் நுரைப்பாய் ஒன்று அவசியம். கோடையானாலும் ஈர நிலம் இரவு முழுக்க உடம்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

குடை வேண்டாம். பல விழாக்களில் அதை உள்ளே விடுவதில்லை. விட்டாலும் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது. தலைமூடியுள்ள மழைச்சட்டையே சரி. கால்களுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விழா தொடங்கும் முன் சில மணி நேரம் அணிந்து நடந்து பழகுங்கள். முதல் நாளே குதிகால் உரிந்தால் மீதி நாட்கள் வேதனைதான்.

நண்பர்களோடு பேசி முடிக்க வேண்டியவை

சுத்தியல், தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி ஆகியவை கூட்டத்துக்கு ஒன்று போதும். யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘யாராவது கொண்டுவருவார்கள்’ என்று விட்ட பொருள் ஒருபோதும் வந்து சேராது. டார்ச், தண்ணீர் பாட்டில், உலர்ந்த மூட்டை ஆகியவை ஆளுக்கு ஒன்று. டார்ச் தலையில் மாட்டுவதாக இருந்தால் கொட்டும் மழையில் கயிறு கட்ட இரண்டு கையும் கிடைக்கும்.

கூட்டம் சேரும் இடங்களில் தொலைபேசி இணைப்பு திணறும். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். ஆனாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். சந்திக்கும் இடம் ஒன்றை முதல் நாளே நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘மேடைக்கு முன்னால்’ என்பது இடமே அல்ல. கூட்டத்துக்கு வெளியே, இரவிலும் விளக்கெரியும், நகராத ஒன்றாக இருக்க வேண்டும்: தகவல் மையம், தண்ணீர்க் குழாய் வரிசை, முதலுதவிக் கூடம். பிரிந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் அங்கே வந்து பத்து நிமிடம் நிற்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நண்பர்களின் எண்களைக் காகிதத்தில் எழுதி ஜிப் பையில் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்திருங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பவர் பேங்க் ஒரு போனை ஏறத்தாழ இரண்டு முறை நிரப்பும். அதுவும் ஜிப் பைக்குள் இருக்கட்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அது எவ்வளவு பிடித்த பாடகரின் நேரமாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் முடிவு செய்யலாம் என்று விட்டால் மனத்தாங்கலில் போய் முடியும்.

இடம் பார்ப்பதும் கூடாரம் போடுவதும்

வாயில் திறக்கும் நாளன்று சீக்கிரம் போங்கள். மேடான இடம் முதலில் தீர்ந்துவிடும்.

போனதும் பையை இறக்கி வைத்துவிட்டு நிலத்தைப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பள்ளம், வேலியோரத் தாழ்வு, வண்டிச் சக்கரம் பதிந்த தடம், கோரைப்புல் அடர்ந்த திட்டு இவையெல்லாம் நீர் தங்கும் இடங்கள். நடைபாதையை ஒட்டிப் போட்டால் இரவெல்லாம் யாராவது உங்கள் கயிற்றில் தடுக்கி விழுவார்கள். கழிப்பறைக்குக் கீழ்ச்சரிவில் ஒருபோதும் வேண்டாம். மரத்தடியும் வேண்டாம், காற்றில் கிளை முறியலாம், மின்னலுக்கும் ஆபத்து. லேசான சரிவில், மேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கும்படி போடுவது நல்லது. எவரும் பாதை என்று நினைக்காத, மூன்று பக்கமும் கூடாரங்கள் சூழ்ந்த நடுவிடம் கிடைத்தால் விடாதீர்கள்.

கூடாரத்தின் பின்பக்கத்தைக் காற்று வரும் திசைக்குக் காட்டி நிறுத்துங்கள். முளையின் தலை கூடாரத்திலிருந்து விலகிச் சாய்ந்திருக்க, 45 பாகைச் சரிவில் முழுவதும் உள்ளே இறங்கும்வரை அடியுங்கள். அடியில் தனி விரிப்பு போட்டால் அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் மழைநீர் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்குக் கீழே வந்து தேங்கும். நான் பார்த்த நனைந்த படுக்கைகளில் பாதிக்கு இதுதான் காரணம். ஓரத்தை உள்ளே மடக்கிவிட்டாலே தீர்ந்தது. வானம் வெளுத்திருந்தாலும் எல்லாக் கயிறுகளையும் இழுத்துக் கட்டுங்கள். நைலான் துணி நனைந்ததும் தொய்யும். மழை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கயிறுகளை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி கூடாரங்களை வளைத்துப் போட்டு, நடுவில் தார்ப்பாயைக் கட்டினால் எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு திண்ணை கிடைத்துவிடும். தார்ப்பாயின் ஒரு முனையைத் தாழ்த்திக் கட்டுங்கள். சமமாகக் கட்டினால் நடுவில் குளம்போல நீர் கோத்துக்கொண்டு, நள்ளிரவில் மொத்தமாக யார் தலையிலாவது கொட்டும். தீயணைப்பு வண்டிக்கென்று ஒழுங்கமைப்பாளர்கள் விட்டிருக்கும் பாதையை அடைக்காதீர்கள்.

வாசல் ஒழுக்கம்

மழையில் திரும்பி வருகிறீர்கள். கால் முழுக்கச் சேறு. குனிந்து உள்ளே தவழ்ந்து நுழைந்தால், ஒரே நொடியில் படுக்கையில் பாதி போய்விடும். செய்ய வேண்டியது இது. வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். கால்கள் வெளியே இருக்க, பின்புறமாக உள்ளே உட்காருங்கள். உட்கார்ந்தபடியே மழைச்சட்டையைக் கழற்றி, ஈரப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி வாசல் திண்ணையில், அதாவது உள்துணிக்கு வெளியே மேல்துணி மூடியிருக்கும் வாசலிடத்தில், வையுங்கள். பிறகு ஒரு பூட்ஸை இழுத்துக் கழற்றி அந்தக் காலை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்தது மற்றது. பூட்ஸ் இரண்டையும் பக்கவாட்டில் படுக்கவைத்து, வாய்ப்பக்கத்தை ஒரு பையால் மூடுங்கள். வாசல் அருகில் ஒரு பழைய துண்டு எப்போதும் கிடக்கட்டும். ஈர உடைகளுக்கென்று தனியாக ஒரு குப்பைப் பை. கூடாரத்தில் தங்கும் எல்லோரும் இதைச் செய்தால்தான் பலன். ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் ஈரம்தான்.

உடம்பு

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற வீரர்களுக்கு வந்த பாத நோய் இன்றும் சேற்றில் நிற்பவர்களுக்கு வரலாம். அதற்கு உறைபனி தேவையில்லை. குளிர்ந்த ஈரத்தில் பல மணி நேரம் கால் ஊறினால் போதும். பாதம் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போவது அறிகுறி. தினமும் இரவில் காலைத் துடைத்து, விரலிடுக்குகளைக் காயவிட்டு, உலர்ந்த கம்பளிக் காலுறை போடுங்கள். ஈரக் காலுறையோடு தூங்கவே கூடாது. நண்பர் ஒருவர் கால் மரத்திருக்கிறது என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் முதலுதவிக் கூடத்துக்கு அழைத்துப்போங்கள்.

நிற்காமல் நடுங்குகிறவர், பேச்சு குழறுகிறவர், குளிர் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே தடுமாறுகிறவர் ஆகியோருக்கு உடல் வெப்பம் குறைந்துகொண்டிருக்கலாம். ஈர உடையை மாற்றுங்கள், போர்த்துங்கள், உடனே மருத்துவ உதவி கேளுங்கள். மது உடம்பைச் சூடாக்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியே விடுகிறது. அதிகம் குடித்து மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெரிய மேடைக்கு அருகில் நின்றால் அந்த அளவு எளிதில் வந்துவிடும். நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதின் மேல்விளிம்பைத் தூக்கிப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் தூங்கவும் அதுவே உதவும்.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்கள்

அடுப்பு, கரி அடுப்பு, எரிந்து அணைந்துகொண்டிருக்கும் கரி என எதையும் கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். வாசல் திண்ணையிலும் வேண்டாம். மழையும் குளிருமாக இருக்கும்போது ‘கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும்’ என்று தோன்றும். தணல் ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் நேற்றைய குடியின் விளைவு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள், பிறகு எழுவதில்லை. கூடாரத்தில் தூங்கியவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் நண்பர் கோபித்துக்கொண்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கிலோமீட்டர் என்பது கணக்கு. 30 விநாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஒதுங்கியாக வேண்டும். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. உறுதியான கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய, உலோகக் கூரையுள்ள கார்தான் புகலிடம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

மூன்றாவது காற்று. 2011 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழாவில் சட்டென்று வீசிய புயலில் பந்தல்களும் மேடை அமைப்புகளும் சரிந்து 5 பேர் உயிரிழந்தார்கள். ஒலிபெருக்கியில் கலையச் சொன்னால், பாட்டு பாதியில் நின்றதே என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்காமல் கலைந்துவிடுங்கள். பெரிய பந்தல், விளக்குத் தூண், ஒலிபெருக்கிக் கோபுரம் ஆகியவற்றுக்கு அடியில் ஒதுங்காதீர்கள்.

கிளம்பும் நாள்

மழை பெய்துகொண்டிருந்தால் உள்ளே உட்கார்ந்தே எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள். உலர்ந்த மூட்டை முதலில். உள்துணி மேல்துணியிலிருந்து தனியாகக் கழன்று வருவதாக இருந்தால் அதை முதலில் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, மேல்துணியைக் கடைசியாக இறக்கி உதறித் தனிப் பையில் போடுங்கள். முளைகளை எண்ணி எடுங்கள். புல்லில் விட்டுவந்த ஒரு முளை பின்னால் மாட்டின் காலைக் கிழிக்கும்.

கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏழை எளியவர்களுக்குப் போய்ச் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். சேறு படிந்து கம்பி முறிந்த கூடாரங்களில் பெரும்பாலானவை குப்பைக்கிடங்குக்குத்தான் போகின்றன. உங்களுடையதை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

கார் சேற்றில் சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும். இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நகராவிட்டால் டிராக்டர் வரும்வரை காத்திருங்கள். ஓட்டுகிறவர் முந்தின இரவு நன்றாகத் தூங்கியவராகவும் குடிக்காதவராகவும் இருக்க வேண்டும். அவர் யார் என்பதைக் கடைசி இரவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் எல்லாவற்றையும் மூலையில் போடத் தோன்றும். கூடாரத்தை மட்டும் அன்றே வெளியே எடுத்து மாடிக் கம்பியிலோ கதவின்மேலோ விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து, நீர் தாங்கும் பூச்சும் உரியத் தொடங்கும். அடிப்பக்கத்தில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடுங்கள். தையல் மடிப்புகளில்தான் ஈரம் கடைசிவரை தங்கும். அங்கே விரல் வைத்துப் பார்த்து, முழுவதும் காய்ந்த பிறகு மடியுங்கள்.